எதிரே அமர்ந்திருப்பவரின் கையிருப்பு



சூதாட்டம் ஹராம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மக்தபில் ஓதும் ஏழு வயதுச் சிறுவனும் அதை அறிவான். ஆயினும், அதே பிள்ளை வளர்ந்து, கல்லூரி முடித்து, வேலைக்குச் சென்று, இரவில் கைபேசியில் பணம் வைத்துச் சீட்டாடும்போது, தாம் செய்வது சூது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. "இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை, இது கணக்கு" என்கிறார். அறிந்த சட்டத்திற்கும் ஆடும் கைக்கும் இடையே இப்படியொரு தூரம் எவ்வாறு உண்டாகிறது? அதைப் பற்றியே இங்குச் சில சொற்கள் எழுத விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, சிறு வயதில் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். நல்ல பண்புள்ளவர், பெற்றோரிடம் பணிவுள்ளவர். நோன்புக் கஞ்சிச் செலவுக்கென ஓர் உறையை நீட்டினார். அவருடைய மாத ஊதியத்தை நாம் ஓரளவு அறிவோம். உறையில் இருந்த தொகை அதற்குப் பொருந்தவில்லை. எனவே, "தம்பி, இது எந்த வருமானம்?" என்று கேட்டோம். அவர் மறைக்கவில்லை. இணையத்தில் போக்கர் ஆடி ஈட்டியது என்றார். நம் முகம் மாறியதைக் கண்டதும், "ஹஜ்ரத், இது சூது இல்லை. ஹைகோர்ட்டே திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டது" என்று விளக்கத் தொடங்கினார்.

அவர் சொன்னது உண்மைதான். 1968ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று கருதியது. தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத்தைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அதில் சேர்த்திருந்ததை ஏற்கவில்லை. அந்தச் செய்தியைத்தான் அவர் கேடயமாகப் பிடித்திருந்தார்.

நாம் அவரை இடைமறிக்கவில்லை. எப்படி ஆடுகிறீர், எப்படி வெல்கிறீர் என்று விளக்கச் சொன்னோம். ஒரு பொருளை அறியாமல் அதன் மீது தீர்ப்புச் சொல்வது கல்விக்கு அழகன்று. அவர் சொன்னதைத் தொகுத்துத் தருகிறோம்.

போக்கரில் பரவலாக ஆடப்படும் வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசையின் நடுவே ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தை எடுத்து, எவருடைய கை வலியது என்று பார்ப்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைத்தாக வேண்டும். சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டாயம் ஒருவர் மாறி ஒருவராக மேசையைச் சுற்றி வரும். எவரிடம் எவ்வளவு பணம் மீதமிருக்கிறது என்பது திரையில் எல்லோருக்கும் தெரியும். சீட்டு மறைந்திருக்கும், கையிருப்பு மறைந்திருக்காது.

அவருடைய திறமை முழுவதும் இங்கேதான் இருந்தது. மேசையில் கையிருப்புக் குறைந்தவர் எவர் என்று முதலில் பார்ப்பாராம். பெரிய பிளைண்டின் பத்து மடங்கு அளவுக்கு ஒருவருடைய பணம் சுருங்கிவிட்டால், அவர் காத்திருக்க இயலாது. ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று முடிவதற்குள், சிறியதும் பெரியதுமாக, ஒன்றரை பிளைண்ட் அவரிடமிருந்து கழிந்துவிடும். எதுவும் ஆடாமல் சும்மா அமர்ந்திருந்தாலே ஏழாவது சுற்றுக்குள் பணம் தீர்ந்துவிடும். ஆகவே, ஏதேனும் ஓரளவு நல்ல சீட்டு வந்ததும் மீதமுள்ள அனைத்தையும் ஒரே வீச்சில் வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

"அவரிடம் பாசாங்கு செய்யக் கூடாது ஹஜ்ரத். இழக்க ஒன்றும் இல்லாதவர் அஞ்சி ஒதுங்க மாட்டார். அதனால் பொறுமையாக இருக்க வேண்டும். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, அல்லது ஏஸும் ராஜாவும் சேர்ந்து வரும்வரை விட்டுக்கொடுக்க வேண்டும். வந்ததும் அவருடைய பணம் முழுவதையும் குறி வைக்க வேண்டும். நாம் தோற்றால் நம்மிடம் உள்ளதில் ஒரு பகுதிதான் போகும். அவர் தோற்றால் எழுந்து போக வேண்டியதுதான்."

இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 கைகளில் ஒரு முறை. ஆனால், வந்துவிட்டால், ஏதோ இரு சீட்டுகளோடு வரும் ஒற்றை எதிராளியை நூற்றுக்கு ஏறத்தாழ 85 முறை அது வெல்லும். எத்தனை பிளைண்ட் மீதமிருக்கும்போது எந்தச் சீட்டுக்கு அனைத்தையும் வைப்பது என்பதற்கு அட்டவணைகளே உள்ளனவாம். அவற்றை அவர் மனனம் செய்திருந்தார். ஒரு காலத்தில் நம் முன் அமர்ந்து யாசீன் சூராவை மனனம் செய்த அதே நினைவாற்றல்!

அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. இன்னும் சொல்லப்போனால், அவர் சொன்னதைவிடவும் கணக்கு கொடியது. சம வாய்ப்புள்ள, எந்த வஞ்சமும் இல்லாத ஆட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவரிடம் 1,000 ரூபாய். மற்றவரிடம் 9,000 ரூபாய். ஒருவர் பணம் தீரும்வரை இருவரும் சிறுசிறு பந்தயமாக ஆடுகிறார்கள். 1,000 ரூபாய் வைத்திருப்பவர் அனைத்தையும் இழப்பதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்பது. இது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே கணித அறிஞர்கள் அறிந்த உண்மை. சீட்டு நடுநிலையாக இருக்கலாம். பணம் நடுநிலையாக இருப்பதில்லை. இத்துடன், ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் தொகையிலிருந்து ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆடுபவர்களில் எவர் வென்றாலும் அந்தப் பங்கு தவறுவதில்லை.

நாம் உறையைத் திருப்பிக் கொடுத்தோம். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதை மட்டுமே ஏற்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றிருப்பதை நினைவூட்டினோம். அவருக்கு வருத்தம்தான். "ஏழைகளின் கஞ்சிக்குத்தானே ஹஜ்ரத்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை அரபு நாட்டின் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. இஸ்லாத்திற்கு முந்தைய அரபிகள் ஆடிய மைசிர் எப்படிப்பட்டது என்பதை விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்குகளாக்குவார்கள். குறியிட்ட அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். சில அம்புகளுக்குப் பங்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். அதாவது, அந்தச் சூது ஏழைகளின் பசியையும் ஆற்றியது. திருக்குர்ஆன் 2:219 மதுவிலும் மைசிரிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்றே உணர்த்துகிறது. பின்னர் அருளப்பட்ட 5:90, 91 வசனங்கள் அதிலிருந்து முற்றிலும் விலகுமாறு கட்டளையிட்டன. ஏழைகளுக்கு உணவான மைசிரே தடுக்கப்பட்டது என்றால், கஞ்சிக்குக் கொடுப்பதால் போக்கர் எவ்வாறு தூய்மையாகும்?

அவர் மறுமொழி கூறாமல் சென்றார்.

ஷவ்வால் மாதத்தில், நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தம் தாயாருடன் நம் வீட்டுக்கு வந்து நம் மனைவியிடம் பேசினார். கணவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். மாதத் தொடக்கத்தில் ஊதியம் கைக்கு வந்ததும், இரவில் எல்லோரும் உறங்கிய பின் கைபேசியில் சீட்டாடுகிறார். மூன்றாம் தேதிக்குள் பாதி போய்விடுகிறது. போனதைப் பிடிக்க மீண்டும் கொஞ்சம் போடுகிறார். பஜ்ருக்கு எழுவதில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்காகக் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. "அவர் கெட்டவர் இல்லைங்க அக்கா. இழந்ததை எடுத்துட்டா நிறுத்திடுவேன்னுதான் சொல்றாங்க" என்று அவர் அழுததை நம் மனைவி நம்மிடம் சொன்னார்.

அன்று இரவு, இதுவரை காணாத ஒன்று நமக்குத் தெளிவாகத் தெரிந்தது. நம் மாணவர் விவரித்த மேசையில், கையிருப்புக் குறைந்து, காத்திருக்க இயலாமல், ஓரளவு நல்ல சீட்டு வந்ததும் அனைத்தையும் வைக்கும் அந்த எதிராளி யார்? அவர் திரையில் ஒரு புனைபெயர். ஒரு சிறிய எண். ஆனால், அந்த எண் ஓர் ஊரில் ஒரு வீட்டின் அரிசி. ஒரு பிள்ளையின் கட்டணம். நம் மாணவரும் அந்த வண்டி ஓட்டுநரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால், ஒவ்வொரு மேசையிலும் இவரைப் போன்றவரும் அவரைப் போன்றவரும் அமர்ந்தால்தான் அந்த ஆட்டமே நடக்கும்.

சில வாரங்கள் கழித்து மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை உறை இல்லை. பெயரும் அடையாளமும் சொல்லாமல் அந்தக் குடும்பத்தின் நிலையை எடுத்துரைத்தோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர் தாமாகவே ஒன்றைச் சொன்னார். ஆட்டத் தளத்தில் எதிராளிகளின் பெயருக்கு எதிரே நமக்கு மட்டும் தெரியும்படி குறிப்பு எழுதிவைக்கும் வசதி உண்டாம்.

"ஒருவருக்கு எதிரே நான் எழுதிவைத்திருந்தேன் ஹஜ்ரத். மாதத் தொடக்கத்தில் வருவார், கொஞ்சம் பணத்தோடு வருவார், எளிதில் இழப்பார் என்று. அவர் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்."

அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நாமும் ஒன்றும் பேசவில்லை.

அன்பிற்குரிய பெற்றோர்களே, சகோதர சகோதரிகளே! இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்தது இதுதான். சூது பணத்தை மட்டும் கெடுப்பதில்லை, கண்ணைக் கெடுக்கிறது. சக மனிதரின் இல்லாமையைக் கண்டால் இரங்க வேண்டிய கண், அதைக் கண்டு மகிழப் பழகிவிடுகிறது. வென்றவருக்கு நேரும் இந்தக் கேடு தோற்றவருக்கு நேரும் கேட்டைவிடச் சிறியதன்று. ஷைத்தான் மது, மைசிர் ஆகியவற்றின் வழியே உங்களிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் விரும்புகிறான் என்பதே 5:91 வசனத்தின் கருத்து. முகம் காணாத எதிராளியிடம் என்ன பகை என்று சிலர் கேட்கலாம். ஒருவர் வறுமையோடு வருவதை எதிர்பார்த்துக் குறிப்பெழுதிக் காத்திருப்பதைப் பகை என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

இனி, "திறமை" என்ற வாதத்திற்கு வருவோம். போக்கரில் திறமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட லிப்ரேடஸ் என்னும் கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வரை 1,20,000 கைகள் ஆடி வென்றது. வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் அது நடந்திராது. ஆனால், ஷரீஅத்தில் கேள்வி திறமை உண்டா இல்லையா என்பதன்று. இரு தரப்பினரும் தத்தம் பணத்தை வைத்து, ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பாக இருக்கும்படி ஆடுகிறார்களா என்பதே கேள்வி.

குதிரைப் பந்தயத்தையும் ஒட்டகப் பந்தயத்தையும் அம்பெய்தலையும் பாருங்கள். இவை முழுக்கத் திறமை, பரிசும் அனுமதிக்கப்பட்டவை. தலைவரோ, மூன்றாமவரோ, போட்டியாளர்களில் ஒருவர் மட்டுமோ பரிசு அறிவிக்கலாம். ஆனால், போட்டியிடும் இருவருமே பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதை, பணம் வைக்காத மூன்றாம் போட்டியாளர் ஒருவர் இடையில் இல்லாமல், ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிக்கவில்லை. குதிரையேற்றத்தில் இல்லாத சலுகை சீட்டுக்கட்டுக்கு எங்கிருந்து வரும்?

வணிகத்திலும் இலாப நட்டம் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால், துணிக்கடையில் வாங்கியவர் துணியோடு செல்கிறார். விற்றவர் விலையைப் பெறுகிறார். இருவர் வீட்டிலும் ஒரு பொருள் சேருகிறது. போக்கர் மேசையிலிருந்து எழுந்து செல்பவர் எதை எடுத்துச் செல்கிறார்? ஒருவர் ஒப்புதலோடுதான் இழந்தார் என்பதும் போதாது. வட்டி கொடுப்பவரும் ஒப்புக்கொண்டே கொடுக்கிறார்.

நாட்டின் சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. தஹஜ்ஜுதுக்கும் பஜ்ருக்கும் உரிய நேரம் அது என்பதை எண்ணி நாம் வியந்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆடுபவரைத் தண்டிப்பதைவிட, ஆட்டத்தை நடத்துபவரையும் விளம்பரப்படுத்துபவரையும் பிடிப்பதே அதன் நோக்கம். எனினும், சட்டம் ஒரு கதவை மூடினால் கைபேசி வேறொரு கதவைக் காட்டும். நீதிமன்றம் அனுமதித்ததால் ஹலால் ஆகாதது, நாடாளுமன்றம் தடுத்த பின்புதான் ஹராம் ஆனது என்றும் இல்லை. நம் பிள்ளைகளின் உள்ளத்தில் தடை இருக்க வேண்டும்.

அதற்காகக் குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

பிள்ளை வீட்டுக்குக் கூடுதல் பணம் கொண்டுவரும்போது மகிழ்வதற்கு முன், "இது எப்படி வந்தது தம்பி?" என்று அன்போடு கேளுங்கள். இழந்த பின் கேட்பவர் பலர். வெல்லும்போது கேட்பவர் சிலரே. மாதத் தொடக்கத்தில் ஊதியம் கரைகிறதென்றால், நள்ளிரவில் கைபேசி வெளிச்சம் தெரிகிறதென்றால், பஜ்ர் தொடர்ந்து தவறுகிறதென்றால், மனைவியோ தாயோ அதை மறைத்துச் சுமக்க வேண்டாம். நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவமானப்படுத்தப்பட்டவர் மீண்டும் அந்த மேசைக்கே ஓடுவார். எனவே, ஜமாஅத்தார் கண்டிப்பதற்கு முன் கைகொடுக்க வேண்டும். கடன் அடைபடும்வரை ஊதியத்தை மனைவியோ தந்தையோ கையாள்வது பல வீடுகளுக்கு உதவும். உறக்கத்தையும் வேலையையும் இழக்கும் அளவுக்குப் பழக்கம் முற்றியிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது ஈமானுக்குக் குறைவன்று.

வென்ற பணத்தை வைத்திருப்பவர் தவ்பா செய்து ஆட்டத்தைக் கைவிட வேண்டும். உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். புனைபெயர்களுக்குப் பின்னால் உள்ளவர்களைக் கண்டறிய இயலாதபோது, நன்மையை எதிர்பாராமல், கையைக் கழுவும் எண்ணத்தோடு தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் வழிகாட்டல். நம் மாணவருக்கும் இதையே சொன்னோம். அவ்வாறே செய்ததாகவும், கணக்கை நீக்கிவிட்டதாகவும் பின்னர் தெரிவித்தார். அதற்கு மேல் நாம் துருவிக் கேட்கவில்லை. அந்த வண்டி ஓட்டுநரின் கடனை ஜமாஅத்தார் சிலர் பொறுப்பேற்றுத் தவணையாக்கினார்கள். அவர் இன்னும் மீண்டுகொண்டிருக்கிறார். சில மாதம் நன்றாகப் போகிறது. சில மாதம் சறுக்குகிறார். துஆச் செய்யுங்கள்.

அரபு மொழி ஓதும் மாணவர்களுக்கு நாம் ஒன்றைச் சொல்வதுண்டு. மைசிர் என்ற சொல், எளிமையைக் குறிக்கும் 'யுஸ்ர்' என்பதிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் சிலர் கூறுவர். உழைப்பின்றி எளிதில் கிடைக்கும் செல்வம் என்பதால் அப்பெயர். அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் 2:280 வசனத்தில் வருகிறது: மைசரா. கடன் பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பது அந்த வசனம் தரும் போதனை. கைக்குறைவோடு எதிரே நிற்பவரை இரண்டு சொற்களும் காண்கின்றன. ஒன்று, அவரிடம் மீதமிருப்பதை எளிதில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மற்றொன்று, அவருக்கு எளிமை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது. இவ்விரண்டில் எந்தப் பொறுமையை நம் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையது.

யா அல்லாஹ்! எங்கள் ரிஜ்கை ஹலாலாக்கி அதில் பரக்கத் செய்வாயாக! பிறருடைய இல்லாமையில் எங்கள் இலாபத்தைத் தேடும் கண்ணை விட்டு எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக! இழந்து தவிப்போருக்கு மீளும் வழியைத் திறந்து கொடுப்பாயாக! ஆமீன்.